இரண்டு பக்கமும் செம்பு

(அறிவியல் ஆசிரியர்களுக்கான மாவட்ட அளவிலான பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பேசுவதற்கு முன் ஒரு புதிர். கரும்பலகையில் மேலே மூன்று வீடுகள், கீழே மூன்று கிணறுகள். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் மூன்று கிணறுகளுக்கும் பாதை போட வேண்டும். எந்தப் பாதையும் இன்னொன்றை வெட்டக் கூடாது. எட்டுப் பாதைகள் வரை போட்டுவிடலாம். ஒன்பதாவது எப்படிப் போட்டாலும் வெட்டும். ஒரே தளத்தில் அது முடியாது என்பது கணிதத்தில் நிரூபிக்கப்பட்டது. ஆனால் தாளில் ஒரு துளை போட்டு, பாதையைப் பின்பக்கம் கொண்டு போய், இன்னொரு துளை வழியாக முன்பக்கம் கொண்டு வந்தால்? முடிந்துவிட்டது. இருபக்க மின்சுற்றுப் பலகை என்பது அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கபடிப் போட்டிக்குப் புள்ளிகள் காட்டும் பலகை ஒன்றைச் செய்தார்கள். ஓர் அணிக்கு இரண்டு இலக்கங்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் 4026 என்ற எண்ணும் ஐசி ஒன்று, ஏழு துண்டு எல்இடி எண்காட்டி ஒன்று, ஏழு மின்தடைகள். கேட்க எளிமையானதுதான். ஆனால் அந்த ஐசியில் 9 முதல் 13 வரையுள்ள கால்கள் டி, ஏ, இ, பி, சி என்ற வரிசையில் வருகின்றன. எண்காட்டியில் இ, டி, சி ஒரு பக்கமும் பி, ஏ, எஃப், ஜி மறுபக்கமும் இருக்கின்றன. இரண்டையும் இணைத்துப் பாருங்கள், வீடும் கிணறும் கதைதான். ஒரு பக்கச் செம்பு மட்டும் உள்ள பலகையில் மேலே ஒட்டுக் கம்பிகள் ஓடும். பிள்ளைகள் அதை "இடியாப்பம்" என்றார்கள்.

இதைக் கடையிலேயே வாங்கலாமே என்று நீங்கள் நினைக்கலாம். கண்காட்சிகளுக்கு அப்படித்தான் நிறைய வருகிறது. பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும். ஏன் எரிகிறது என்று நடுவர் கேட்டால் பிள்ளை ஆசிரியர் முகத்தைப் பார்க்கும். நான் அதற்கு எதிரானவன். சுமாராக இருந்தாலும் அவர்கள் போட்ட தடமாக இருக்கட்டும்.

வடிவமைப்பதற்குக் கீகேட் என்ற இலவச மென்பொருள் போதும். உயர் தொழில்நுட்ப ஆய்வகக் கணினி இல்லாவிட்டால் கட்டம் போட்ட தாளும் இரண்டு நிறப் பென்சில்களும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்தில் தடங்கள் பெரும்பாலும் கிடையாக, மறுபக்கத்தில் நெடுக்காக. பாதிச் சிக்கல் இதிலேயே தீரும்.

தொழிற்சாலைப் பலகையில் துளையின் உட்சுவரிலும் செம்பு பூசியிருப்பார்கள். நம்மிடம் அது கிடையாது. துளை வெறும் துளைதான். எனவே மேலும் கீழும் இணைய வேண்டிய இடத்தில் மின்தடையின் வெட்டிய கால் துண்டைச் செருகி இரண்டு பக்கமும் பற்றவைக்க வேண்டும். இதிலிருந்து ஒரு விதி பிறக்கிறது. ஐசி சாக்கெட்டும் எண்காட்டியும் பலகையோடு ஒட்டி உட்காரும், மேல்பக்கத்தில் அவற்றின் கால்களுக்குச் சால்டரிங் முனை போகாது. ஆகவே மேல்பக்கத் தடம் எதுவும் அவற்றின் காலில் போய் முடியக் கூடாது. மின்தடையின் கால் அப்படியல்ல, இரு பக்கமும் எட்டும். 14 மின்தடைகளும் 28 இலவசப் பாலங்கள். இதைக் கண்டுபிடித்தவர்கள் மாணவர்களே.

அடுத்தது அச்சு. லேசர் பிரிண்டரிலோ ஜெராக்ஸ் கடையிலோ வழவழப்பான தாளில் எடுக்கலாம். மை தெளிக்கும் இங்க்ஜெட் உதவாது. டோனர் என்பது சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தூள் என்பதால்தான் இந்த முறையே நடக்கிறது. மேல்பக்கத்தைக் கண்ணாடிப் பிம்பமாகவும் கீழ்ப்பக்கத்தை அப்படியேயும் அச்சிட வேண்டும். ஏன் என்பதைச் சொல்லிவிடாதீர்கள். ஓர் ஒளி ஊடுருவும் தாளில் பெயரை எழுதித் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தப் பீரியட் முழுதும் அதற்கே போகும், போகட்டும்.

இரண்டு தாள்களையும் அச்சு உட்புறமாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தால் வட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று பொருந்துவது தெரியும். இரண்டு ஓரங்களை ஒட்டி உறைபோல ஆக்கி, சோப்பும் தேய்ப்பானும் கொண்டு பளபளப்பாக்கிய செம்புப் பலகையை உள்ளே நுழைத்து, இஸ்திரிப் பெட்டியால் இருபுறமும் அழுத்த வேண்டும். பிறகு தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தால் டோனர் மட்டும் செம்பில் நிற்கும். வட்டம் 2 மி.மீ., துளை 0.8 மி.மீ. என்றால் சுற்றிலும் 0.6 மி.மீ. செம்பு மிஞ்சும். ஆகவே அரை மி.மீ. விலகினாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

இப்போது நான் கண்டிப்பாக இருக்கும் இடம். செம்பை அரிக்கப் பெர்ரிக் குளோரைடு கரைசல் வேண்டும். கரைக்கும்போது சூடாகும். தண்ணீரில்தான் தூளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும், தூளில் தண்ணீரை ஊற்றக் கூடாது. இந்த வேலையை நான் செய்வேன், பிள்ளைகள் செய்வதில்லை. பிளாஸ்டிக் தட்டு, கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல். தட்டை ஆட்டிக்கொண்டிருந்தால் 35 மைக்ரான் தடிமனுள்ள செம்பு கண்ணெதிரே கரையும். பெர்ரிக் அயனி பெர்ரஸ் ஆகிறது, செம்பு குப்ரிக் அயனி ஆகிறது. ஆக்சிஜனேற்றம், ஒடுக்கம் பாடத்தை இதைவிட நன்றாக நடத்த எனக்குத் தெரியாது. பழைய கரைசலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். செம்பு நீர்வாழ் உயிர்களுக்கு நஞ்சு. சலவை சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் நுரைத்து அடங்கும். அடியில் தங்கும் வண்டலை உலர்த்திப் புட்டியில் பூட்டி வைக்கிறோம்.

துளையிடும்போது கண்ணாடி இழைத் தூசு பறக்கும், முகக்கவசம் அவசியம். சால்டரிங்கிற்கு 25 வாட் முனை போதும். தடத்தையும் காலையும் சேர்த்துச் சூடாக்கி, பிறகு கம்பியைத் தொட வேண்டும். முனையில் ஈயத்தை உருக்கிக் கொண்டு வந்து அப்பக் கூடாது. வெள்ளீயமும் காரீயமும் கலந்த 60/40 கம்பி 190 டிகிரிக்குள் உருகிவிடும், பழகுவதற்கு எளிது. ஆனால் காரீயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். நாங்கள் காரீயம் இல்லாத கம்பிக்கு மாறிவிட்டோம். அது உருக 227 டிகிரி வேண்டும், கொஞ்சம் முரண்டு பிடிக்கும். எதுவானாலும் வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகுதான் சாப்பாட்டுத் தட்டு.

முதல் முறை மின்கலத்தை இணைத்தபோது ஒன்றாம் இலக்கத்தில் சி துண்டு எரியவில்லை. ஐசி போய்விட்டது, புதிதாக வாங்கலாம் என்றார்கள் பையன்கள். வகுப்பில் அதிகம் பேசாத ஒரு மாணவி மல்டிமீட்டரை எடுத்து, ஐசி காலிலிருந்து ஒவ்வொரு துளையாக, மேல்பக்கம், கீழ்ப்பக்கம் என்று தொட்டுக்கொண்டே போனாள். ஐந்தாவது இடத்தில் ஒலி நின்றது. அந்த மின்தடையின் காலை மேல்பக்கம் யாரும் பற்றவைக்கவில்லை. இரண்டு நொடி வேலை. அன்றிலிருந்து எந்தப் பலகை பழுதானாலும் அவளிடம்தான் போகிறது. தன் வீட்டு டார்ச் லைட்டையும் பிரித்துவிட்டதாக அவள் அம்மா வந்து சொன்னார், புகாராகத்தான்.

பலகையைக் கொண்டு வந்திருக்கிறேன். முதல் வரிசையிலிருந்து கைமாற்றுங்கள். பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒருமுறை அழுத்தினால் ஒன்றுதான் கூடும். பொத்தானின் உள்ளே தகடு துள்ளி இரண்டு மூன்றாகக் கணக்கு ஏறாமலிருக்க ஒரு 555 ஐசி ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறது. திருப்பியும் பாருங்கள், அந்தப் பக்கத்தில் சில பற்றுகள் உருண்டையாக, அழுக்காக இருக்கும். அவை எந்தெந்தப் பிள்ளைகளுடையவை என்று என்னால் சொல்ல முடியும், சொல்ல மாட்டேன்.