வெயிலுக்கு எங்க ஓடலாம்? மம்சாபுரத்துல இருந்து ஒரு பதில்

இந்த எபிசோடை ஊர்ல இருந்து பதிவு பண்றேன். ஊர்னா மம்சாபுரம். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவுல, மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தபடி இருக்கிற ஊர். பின்னாடி கரகரன்னு கேட்கிறது ஃபேன். அக்னி நட்சத்திரத்துல அதை நிறுத்திட்டுப் பேசுற தைரியம் எனக்கு இல்லை.

"வெயில் தாங்கல ப்ரோ, ரெண்டு நாள் எங்க போகலாம்?"னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒரு விஷயம். ஒரு இடம் ஏன் குளிர்ச்சியா இருக்குன்னு தெரிஞ்சா, எப்போ போகணும்னு தானா புரிஞ்சிடும். என் கணக்குல மூணு காரணம்: உயரம், மழை, நிழல்.

முதல்ல உயரம். 1000 மீட்டர் மேல ஏறினா வெப்பம் சுமார் 6 டிகிரி குறையும். கொடைக்கானல் 2100 மீட்டர் உயரத்துல இருக்கு. அதனால இங்க 38 டிகிரி அடிக்கும்போது அங்க 25 பக்கம்தான் இருக்கும். ஆனா இது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம். கூட்டம் தாங்காமத்தான் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7-ல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துச்சு. கிளம்புறதுக்கு முன்னாடி அதைப் பார்த்துக்கோங்க.

ரெண்டாவது மழை. இதுக்கு உதாரணம் குற்றாலம். குற்றாலம் ஒண்ணும் உயரமான ஊர் இல்லை. செங்கோட்டைப் பக்கம் மலையில ஒரு இடைவெளி இருக்கு. தென்மேற்குப் பருவக்காத்து அது வழியா சாரலை இந்தப் பக்கம் தள்ளி விடுது. அதனால ஜூன்ல பருவமழை பிடிச்சாத்தான் சீசன். மே முதல் வாரமே போனா பல வருஷம் பாறையைத்தான் பார்த்துட்டு வரணும். எங்க ஊர்ப் பக்கம் அப்படி இடைவெளி கிடையாது. மலை மறிச்சு நிக்குது, மழை கேரளாவுலயே கொட்டித் தீர்ந்துடும். எங்களுக்குப் பெரிய மழைன்னா ஐப்பசி, கார்த்திகைதான்.

மூணாவது நிழல். எங்க ஊர்க்காரங்க இதை நம்பித்தான் கோடையை ஓட்டுறோம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே செண்பகத்தோப்பு இருக்கு. மாந்தோப்புகளைத் தாண்டினதும் காத்தே மாறிடும். 1988-ல சாம்பல் நிற அணிலுக்காகச் சரணாலயம் ஆன காடு இது. 2021-ல மேகமலையோட சேர்த்துப் புலிகள் காப்பகமாவும் ஆயிடுச்சு. அந்த அணில் கீழ இறங்காம மரத்துக்கு மரம் தாவியே வாழும். அதுக்குக் கிளையும் கிளையும் தொட்டுக்கிட்டு இருக்கணும். நமக்குக் கிடைக்கிற குளிர்ச்சியும் அதே கூரையில இருந்துதான் வருது. வனத்துறை அனுமதி இருக்கான்னு கேட்டுட்டுப் போங்க. காட்டுத்தீ பயம் இருக்கிற நாள்ல விடமாட்டாங்க, அதுல நியாயம் இருக்கு.

அடுத்தது, ராஜபாளையத்துக்கு மேற்கே இருக்கிற அய்யனார் கோவில் ஆறு. இதைப் பத்தி கொஞ்சம் சீரியஸா பேசணும்.

இன்ஜினியரிங் மூணாவது வருஷம். மே மாசம், நாங்க நாலு பேர் அங்க குளிச்சிட்டிருந்தோம். முழங்கால் அளவு தண்ணி. தலைக்கு மேல மேகமே இல்லை. கோவிலுக்கு வந்த ஒரு பெரியவர் கரையில நின்னு, "ஏலே, தண்ணி கலங்குது, மேல வாங்கலே!"னு கத்தினார். சத்தம் போடுறோம்னு திட்டுறார்னு நினைச்சோம். தண்ணியில சருகும் குச்சியும் வர ஆரம்பிச்சதை நாங்க கவனிக்கவே இல்லை. அவர் இறங்கி வந்து என் கையைப் பிடிச்சு இழுத்தார். கரையேறிக் கொஞ்ச நேரத்துல நாங்க உட்கார்ந்திருந்த பாறை மறைஞ்சு போச்சு. என் நண்பனோட செருப்பு ரெண்டும் போச்சு. அவ்வளவோட போச்சு.

கோடை மழை அப்படித்தான். சாயங்காலம் மலை உச்சியில மட்டும் இடி இடிச்சுக் கொட்டும், கீழ வெயில் அடிக்கும். 2024 மே 17 அன்னைக்குப் பழைய குற்றாலத்துல திடீர் வெள்ளம் வந்து 17 வயசுப் பையன் ஒருத்தன் இறந்துட்டான். ஆபீஸ்ல உட்கார்ந்து அந்த வீடியோவைப் பார்த்தப்போ, அந்தப் பெரியவரோட கைதான் எனக்கு ஞாபகம் வந்துச்சு. அவர் பேரைக் கூட நாங்க கேட்கல.

அதனால மூணு விஷயம். மதியத்துக்குள்ள குளிச்சு முடிங்க. வானத்தைப் பார்க்காதீங்க, மலையைப் பாருங்க. தண்ணி நிறம் மாறினா செருப்பு, போன் எதையும் தேடாம ஏறிடுங்க.

இன்னொண்ணும் இருக்கு. அந்த ஆத்துத் தண்ணி கீழ ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்குப் போகுது. அங்க இருந்துதான் ராஜபாளையத்துக்குக் குடிதண்ணி வருது. நீங்க போடுற ஷாம்பு பாக்கெட்டும் சோப்பு நுரையும் யாரோ ஒருத்தர் வீட்டுக் குடத்தை நோக்கித்தான் போகுது. அங்க இருக்கிற சாமி பேரே நீர்காத்த அய்யனார். சாமி கும்பிடுறதும் கும்பிடாததும் உங்க இஷ்டம், அந்தப் பேரை மட்டும் மறந்துடாதீங்க.

சரி, கரண்ட் போறதுக்குள்ள முடிச்சிடுறேன். உங்க ஊர்ல வெயிலுக்கு ஒதுங்குற இடம் எதுன்னு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம். தண்ணி நிறைய குடிங்க மக்களே!