இளம்பெண்களுக்கு சினைப்பைப் புற்றுநோய் வந்தால்
(பெங்களூரில் நடந்த மகளிர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

நவராத்திரி முடிந்த கையோடு மாமிகளைக் கூட்டி வைத்து, புற்றுநோயைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். "வேற விஷயமே கிடைக்கலையா?" என்று பின்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. நாற்பது வருஷம் இந்த ஊரில் பெண்கள் வைத்தியம் பார்த்தவள் நான். முணுமுணுப்பு எனக்குப் பழக்கம்தான்.

பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி. மூன்று மாதமாக வயிறு உப்புசம். வாயு என்று நினைத்து ஆத்தில் ஓமத் தண்ணீரும் பெருங்காயமும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். சுடிதார் இடுப்பில் இறுகிய பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். வலது சினைப்பையில் தேங்காய் அளவு கட்டி. "பிழைப்பாளா டாக்டர்?" என்று கேட்ட அம்மா, சற்றுக் கழித்துக் குரலைத் தாழ்த்தி, "நாளைக்குக் கல்யாணம், குழந்தை..." என்று இழுத்தாள். பாட்டிதான் கண்டிப்பாகச் சொன்னாள்: "எல்லாத்தையும் எடுத்துடுங்கோ. உசிர் இருந்தா போறும்."

பாட்டி சொன்னதுதான் ஒரு காலத்தில் வைத்தியமாகவும் இருந்தது. இரண்டு சினைப்பை, கர்ப்பப்பை எல்லாவற்றையும் எடுத்துவிடுவோம். இன்று அப்படி இல்லை. இந்த வயதில் வருவது பெரும்பாலும் முட்டையை உண்டாக்கும் செல்களிலிருந்து கிளம்பும் கட்டி. அது அநேகமாக ஒரு பக்கத்தில்தான் இருக்கும். அந்தப் பக்கத்துச் சினைப்பையையும் குழாயையும் மட்டும் எடுத்துவிட்டு, மறுபக்கத்தையும் கர்ப்பப்பையையும் விட்டுவைக்கிறோம். பிளியோமைசின், எடோபோசைட், சிஸ்பிளாட்டின் என்ற மூன்று மருந்துகளுக்கு இந்தக் கட்டி நன்றாகக் கட்டுப்படும். ஆகவே சற்றுப் பரவியிருந்தாலும்கூட குழந்தை பெறும் வழியை அடைக்க வேண்டியதில்லை.

ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அதிகம் வரும் வகை வேறு. அது இளவயதில் வந்தால், ஒரே சினைப்பைக்குள் அடங்கியிருக்கிறதா, செல்களின் வீரியம் குறைவா என்று பார்த்த பிறகே விட்டுவைக்கலாமா என்று முடிவு செய்வோம். அதற்காக வயிற்றுக்குள் நீரை விட்டுக் கழுவி எடுத்துப் பரிசோதிப்போம். குடலை மூடியிருக்கும் கொழுப்புத் திரையிலிருந்தும் கொஞ்சம் எடுத்து அனுப்புவோம். சோம்பல்பட்டு இதை விட்டால் பிறகு தவிக்க வேண்டியதுதான்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல ஆசைப்படுகிறேன். சந்தேகமான கட்டியை ஊசியால் குத்தி நீரை உறிஞ்சக் கூடாது. உடைக்காமல் முழுசாக எடுக்க வேண்டும். உள்ளே சிந்தினால் 1ஏ நிலையில் இருந்த நோய் 1சி ஆகிவிடும். தப்பியிருக்கக் கூடிய மருந்து தேவைப்படலாம். வேறெங்கோ குத்திவிட்டு என்னிடம் வந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அவள் அப்பாவுக்கு அதை விளக்கியது இன்னும் மறக்கவில்லை. ஆகவே ஆபரேஷனுக்கு முன் ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச், சிஏ 125 ரத்தப் பரிசோதனைகள் ஆயிற்றா என்று தைரியமாகக் கேளுங்கள். புற்றுநோய் ஆபரேஷனில் பழகிய கை வேண்டும். வசதி இல்லையே என்று தயங்க வேண்டாம். நம் ஊரில் 1973 முதல் கிட்வாய் ஆஸ்பத்திரி இருக்கிறது. சென்னைக்காரர்களுக்கு 1954 முதல் அடையாறு இருக்கிறது.

பாட்டிக்கோ அத்தைக்கோ மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்திருந்தால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். "அவளுக்கு ஏதோ வயித்து வலி" என்று மூடி மறைத்த குடும்பங்கள் எத்தனையோ. பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை செய்யலாமா என்பது அந்தத் தகவலை வைத்துத்தான் தீர்மானமாகும்.

அந்தப் பெண்ணுக்கு மூன்று சுற்று மருந்து கொடுத்தோம். முடி கொட்டி மறுபடி வளர்ந்தது. மாதவிலக்கும் சில மாதத்தில் திரும்பியது. வரன் பார்க்கும்போது சொல்வதா வேண்டாமா என்று வீட்டில் பெரிய சண்டை. சொல்லிவிடுவதே நல்லது என்பது என் கட்சி. இரண்டு இடம் தட்டிப் போயிற்று. மூன்றாவது பிள்ளையின் அம்மா, பெண்ணின் சம்மதத்தோடு என்னிடமே வந்து ஒரு மணி நேரம் குறுக்கு விசாரணை செய்தாள். "ஒரு சினைப்பைதானே, இரண்டு மாசத்துக்கு ஒரு தடவைதான் தூரமாவாளா?" என்று கேட்டாள். இல்லை, இருக்கும் ஒன்றே மாதாமாதம் வேலை செய்யும் என்றேன். கல்யாணம் நடந்தது. நான்காவது வருஷம் பிரசவம், சுகப்பிரசவம்தான்.

எல்லோர் எதிரிலும் கேட்கக் கூச்சப்படுபவர்கள் டிபன் நேரத்தில் என்னிடம் வாருங்கள். ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருப்பேன்.