கர்ப்ப காலத்தில் தயிர், மோர்: பயம் வேண்டாம், பக்குவம் வேண்டும்

(ஊராட்சி அளவிலான கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் சுகாதாரக் குழு சார்பாகப் பேசிய உரையின் எழுத்து வடிவம்)



கடன், வசூல், தீர்மானம் எல்லாம் பேசி முடித்துவிட்டோம். இனி கொஞ்ச நேரம் நம்ம சாப்பாட்டைப் பற்றிப் பேசுவோம். நம்ம குழுக்களில் மாசமா இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். மகளோ மருமகளோ மாசமா இருக்கிற தாய்மார்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருமே கேட்க வேண்டிய விஷயம் இது.

வீடுகளுக்குப் போகும்போது நாங்கள் இரண்டு விதமான பேச்சைக் கேட்கிறோம். "தயிர் குளிர்ச்சி, வயித்துப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும், தொடாதே" என்பது ஒன்று. "கறந்த பால்தான் சத்து, காய்ச்சினா சத்து போயிரும்" என்பது இன்னொன்று. இரண்டுமே சரியில்லை. சளி கிருமியால் வருவது, தயிரால் வருவதில்லை. நாம் விலக்க வேண்டியது தயிரை அல்ல, காய்ச்சாத பாலை.

தயிரில் என்ன இருக்கிறது?

கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து தேவை. ஒரு டம்ளர் தயிரில் (200 மி.லி.) ஏறக்குறைய 250 மில்லிகிராம் கிடைக்கிறது. அதாவது தேவையில் கால் பங்கு. பிள்ளையின் எலும்பு வளர இது வேண்டும். புரதமும் இருக்கிறது. பால் ஒத்துக்கொள்ளாமல் வயிறு உப்புகிறவர்களுக்கும் தயிர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். பாலில் உள்ள சர்க்கரையில் ஒரு பங்கை நல்ல கிருமிகள் புளிப்பாக மாற்றிவிடுவதுதான் காரணம்.

புளித்தால் எல்லாக் கிருமியும் சாகுமா?

சாகாது. இதை எல்லோரும் மனதில் வைக்க வேண்டும். பச்சைப் பாலில் லிஸ்டீரியா, புருசெல்லா போன்ற கெட்ட கிருமிகள் இருந்தால், அந்தப் பாலில் செய்த தயிரிலும் பாலாடைக்கட்டியிலும் உயிரோடு இருக்கலாம். இவை தாய்க்கு வெறும் காய்ச்சல் போலத் தெரியும். ஆனால் கரு கலையலாம், பிள்ளை வயிற்றிலேயே இறக்கலாம். வாடை, ருசி எதுவும் மாறாது. அதனால் முகர்ந்து பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

1985-இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஒரு கம்பெனியின் பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டு லிஸ்டீரியா நோய் பரவியது. நோய் கண்ட 142 பேரில் 93 பேர் கர்ப்பிணிகளும் அவர்களின் சிசுக்களும். வயிற்றில் இருந்த 20 சிசுக்களும், பிறந்த 10 குழந்தைகளும் இறந்துபோனார்கள். பதப்படுத்திய பாலோடு காய்ச்சாத பாலும் சேர்ந்துவிட்டதுதான் காரணமாக இருக்கும் என்று ஆய்வு செய்தவர்கள் கருதினார்கள். நம்ம வீட்டிலும் காய்ச்சிய பால் போதவில்லை என்று கொஞ்சம் பச்சைப் பாலை ஊற்றி உறை குத்தினால் அதே ஆபத்துதான்.

வீட்டில் செய்ய வேண்டியது

1. பால் பொங்கி வந்ததும் இறக்கிவிடாமல், தீயைக் குறைத்து, கிண்டிவிட்டு, இன்னும் சில நிமிடம் கொதிக்க விடுங்கள். பாக்கெட் பாலையும் காய்ச்சியே பயன்படுத்துங்கள்.
2. கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், சுத்தமான கரண்டியால் உறை ஊற்றுங்கள். விரலை விட்டுக் கலக்க வேண்டாம். உறை மோரும் காய்ச்சிய பாலில் உறைந்ததாக இருக்கட்டும்.
3. எவர்சில்வர் அல்லது மண் சட்டி நல்லது. பித்தளை, செம்பு, அலுமினியம் வேண்டாம். புளிப்பு உலோகத்தை அரிக்கும்.
4. மோர் கடையக் காய்ச்சி ஆறிய தண்ணீர் ஊற்றுங்கள். ரோட்டோரம் ஐஸ் போட்டு விற்கும் மோரைப் பிள்ளைத்தாய்ச்சி குடிக்க வேண்டாம்.
5. பூஞ்சை பிடித்தாலோ, நூல் மாதிரி இழுத்தாலோ, பாக்கெட் உப்பியிருந்தாலோ கொட்டிவிடுங்கள். பிரிட்ஜில் வைத்தாலும் பல நாள் வைக்காதீர்கள். லிஸ்டீரியா குளிரிலும் வளரும்.

வேலைக்குப் போகிறவர்களுக்கு

பட்டாசு ஆலைக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் போகிறவர்கள் விடியற்காலையிலேயே தூக்குவாளியில் தயிர்ச்சோறு கட்டிவிடுகிறோம். மதியம் திறக்கும்போது ஆறேழு மணி நேரம் ஆகிவிடுகிறது. நம்ம சிவகாசி, சாத்தூர் வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை. அதனால் காலையில் வடித்த சோற்றை ஆறவிட்டுத் தனியாகவும், தயிரைத் தனி டப்பாவிலும் எடுத்துப் போங்கள். டப்பாவில் ஈரத்துணி சுற்றி நிழலில் வையுங்கள். சாப்பிடும்போது பிசைந்துகொள்ளுங்கள்.

பிசைவதற்கு முன் கையைச் சோப்புப் போட்டு, நக இடுக்கு வரை கழுவுங்கள். வெடியுப்பு, கந்தகம், அலுமினியத் தூள் பட்ட கை அது. வீட்டில் சரம் பின்னுகிறவர்களும் சாப்பாட்டுப் பாத்திரத்தை வேலை செய்யும் இடத்தில் வைக்கக் கூடாது.

மாத்திரையும் தயிரும்

நர்சம்மா கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையைத் தயிர்ச்சோறு சாப்பிட்ட கையோடு போடாதீர்கள். பாலிலும் தயிரிலும் உள்ள சுண்ணாம்புச் சத்து, இரும்பு உடம்பில் சேர்வதைக் குறைக்கும். டீயும் அப்படித்தான். 2 மணி நேரம் இடைவெளி விட்டு, தண்ணீரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ போடுங்கள். சுண்ணாம்புச் சத்து மாத்திரையை இரும்பு மாத்திரையோடு சேர்த்துப் போட வேண்டாம். அதைச் சாப்பாட்டோடு போடலாம்.

கறவை மாடு வைத்திருக்கிறவர்களுக்கு

குழுக் கடனில் மாடு, ஆடு வாங்கியவர்கள் நம்மில் நிறையப் பேர். மாடு மாதம் நிறையாமல் கன்று வீசினால் அது புருசெல்லா நோயாக இருக்கலாம். இது பாலிலும், நஞ்சுக்கொடியிலும், வீசிய கன்றிலும் இருந்து மனிதருக்குத் தொற்றும். மாசமா இருக்கிற பெண் அதன் பக்கமே போக வேண்டாம். மற்றவர்களும் கையுறை இல்லாமல் தொடக் கூடாது. உடனே கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள். 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்படி 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுகளுக்கு ஒரே தடவை போடும் தடுப்பூசி இருக்கிறது. கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள். பால் பண்ணைக்குப் போகும் பாலும் நம் வீட்டுப் பாலும் அப்போதுதான் நல்ல பால்.

எப்போது ஓட வேண்டும்?

குளிர்காய்ச்சல், உடம்பு வலி, விடாத வாந்தி பேதி, பிள்ளை துடிப்பு குறைவது, ரத்தப்போக்கு: இதில் எது வந்தாலும் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று இருக்காதீர்கள். உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். அவசரம் என்றால் 108-ஐக் கூப்பிடுங்கள். பச்சைப் பால் குடித்திருந்தாலோ, வீட்டில் மாடு கன்று வீசியிருந்தாலோ அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். என்ன சோதனை செய்வது என்று அவருக்கு அப்போதுதான் தெரியும்.

சகோதரிகளே, இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. கொஞ்சம் விறகு, கொஞ்சம் சோப்பு, கொஞ்சம் கவனம் போதும். உங்கள் குழுவில் மாசமா இருக்கிற பெண் யார் என்று பாருங்கள். அவளிடமும் அவள் அத்தையிடமும் இந்த வாரமே போய்ச் சொல்லுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். தினமும் ஒரு டம்ளர் தயிர், காய்ச்சிய பாலில் உறைந்த தயிர், நம்ம ஊர்ப் பிள்ளைத்தாய்ச்சி ஒவ்வொருத்திக்கும் கிடைக்கட்டும்.