இரவல் செங்கோல்



அரியணையில் சிறுவன் அமர்ந்திருக்க, அவன் பெயரால் மூத்தவர் ஒருவர் ஆள்வது பல நாட்டு வரலாறுகளிலும் காணப்படும் செய்தி. அவ்வாறு ஆண்டவர்கள் எல்லாரும் செங்கோலைத் திருப்பித் தந்துவிடவில்லை. விசயநகரத்தில் சாளுவ நரசிம்மரின் மக்களுக்காக ஆட்சிப் பொறுப்பேற்ற துளுவ நரச நாயக்கரின் குடியே பின்னர் அரியணை ஏறியதை நாம் அறிவோம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டவர் வேறு வகையினர். இங்கிலாந்துப் பிரபு வில்லியம் மார்ஷல்.

1216 அக்டோபரில் ஜான் மன்னன் இறந்தபோது அவன் மகன் மூன்றாம் ஹென்றிக்கு வயது 9. இலண்டன் பிரெஞ்சு இளவரசன் லூயியின் கையில். பிரபுக்களில் பெரும்பகுதியினரும் அவன் பக்கம். வெஸ்ட்மின்ஸ்டரில் முடிசூட்ட வழியின்றிக் குளோஸ்டரில் சூட்டினர். ஏறத்தாழ 70 வயதான மார்ஷல், முதுமையைச் சொல்லித் தயங்கியே மன்னனையும் நாட்டையும் காக்கும் பொறுப்பை ஏற்றார்.

எனக்கு வியப்பளிப்பது அவர் அடுத்துச் செய்த செயல். மாக்னா கார்ட்டா என்னும் உரிமைப் பட்டயம், 1215 ஜூனில் பிரபுக்கள் ஜானிடம் வலிந்து பெற்றது. இரண்டு மாதங்களில் போப்பாண்டவர் அது செல்லாது என்று அறிவித்தார். ஜான் வெறுத்த அப்பட்டயத்தை, ஜானைக் கைவிடாதிருந்த மார்ஷலே 1216 நவம்பரில் சிறுவனின் பெயரால் மீண்டும் வழங்கினார். மன்னனைக் கண்காணிக்க 25 பிரபுக்களை அமர்த்திய பகுதி மட்டுமன்றி வேறு சிலவும் நீக்கப்பட்டன என்பது உண்மை. சிறுவனுக்கென்று முத்திரை இல்லை. ஆதலால் மார்ஷலும் போப்பின் தூதர் குவாலாவும் தத்தம் முத்திரையை இட்டனர். எதிரியின் கொடியைப் பறித்துக்கொண்ட தந்திரம் இது எனலாம். தந்திரமும் உண்டுதான். ஆயினும் இரவல் செங்கோல் ஏந்தியவர் வெறும் ஆணையால் ஆள இயலாது; பிறர் இசைவைப் பெற்றாக வேண்டும். வலிமை வாய்ந்த மன்னன் ஒருவன் அன்று இருந்திருப்பின் அப்பட்டயம் அத்தோடு மடிந்திருக்கும் என்பது என் துணிபு.

1217 மே 20இல் லிங்கன் போரில் முதியவரே குதிரையேறிப் பொருதார். செப்டம்பரில் உடன்படிக்கை ஏற்பட்டது. லூயியைச் சிறைப்பிடிக்காமல் 10,000 மார்க் கொடுத்து அனுப்பியதைக் குறை கூறியோர் உளர்.

மார்ஷலின் வாழ்க்கையைப் பாடும் பிரெஞ்சுக் காப்பியம் ஒன்று 19,000 அடிகளுக்கு மேல் நீள்கிறது. மூத்த மகன் பாடுவித்தது. எனவே நம் மெய்க்கீர்த்திகளை எடைபோடுவது போலவே இதனையும் எடைபோட வேண்டும். அது கூறும் ஒரு செய்தியை என்னால் கடந்துசெல்ல இயலவில்லை. ஐந்தாறு வயதில் மார்ஷலை அவர் தந்தை ஸ்டீபன் மன்னனிடம் பிணையாகத் தந்து, பின்னர் வாக்கை மீறினார். பிள்ளை போனால் வேறு பிள்ளை பெறலாம் என்றிருந்துவிட்டார். தூக்கிலிடப் பலர் தூண்டியும் மன்னனுக்கு மனம் வரவில்லை. பெரியோர் பூசலில் பணயப்பொருளாகி உயிர்தப்பிய அந்தக் குழந்தையின் முதுமைக் காலத்தில், இன்னொரு குழந்தை அவர் கையில் வந்து சேர்ந்தது.

1219இல் கேவர்ஷமில் நோயுற்றுக் கிடந்தபோது, வின்செஸ்டர் ஆயர் சிறுவனைத் தம் பொறுப்பில் வைத்துக்கொள்ள முனைந்தார். மார்ஷல் இசையவில்லை, தம் மகனிடமும் தரவில்லை. போப்பின் தூதர் பண்டல்ஃபிடம் ஒப்படைத்தார். மே 14இல் இறந்தார்.

1225இல், 17 வயதில், ஹென்றி அதே பட்டயத்தைத் தன் சொந்த முத்திரையிட்டு வழங்கினான். அதற்கு ஈடாக, அசையும் பொருள்களில் பதினைந்தில் ஒரு பங்கை நாட்டார் வரியாகத் தர இசைந்தனர்.