அறுபதில் பதினெட்டு



1986 செப்டம்பர். ஹராரே நகரில் அணிசேரா நாடுகளின் மாநாடு. உகாண்டா அதிபர் முசெவெனியிடம் கியூபாவின் பிடல் காஸ்ட்ரோ ஒரு செய்தி சொல்கிறார். பயிற்சிக்காகக் கியூபாவுக்கு வந்த உகாண்டா வீரர்கள் 60 பேர். ரத்தம் சோதித்ததில் 18 பேருக்கு எய்ட்ஸ் கிருமி. அந்த ஜனவரியில்தான் காட்டுப்போரில் வென்று தலைநகருக்குள் நுழைந்த படை அது. குண்டுக்குத் தப்பியவர்கள் கிருமிக்குத் தப்பவில்லை!

ஒழுக்கம் கெட்டவர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். இருபது வயதுப் பையனை ஊரும் உறவும் எட்டாத தூரத்தில் மாதக்கணக்கில் நிறுத்துகிறோம். கையில் சம்பளம், பக்கத்தில் சாராயம், நாளைக்கு இருப்போமா என்ற நினைப்பு. முள்வேலிக்கு அந்தப் பக்கம், வீடிழந்து பிள்ளைக்கு ஒருவேளைச் சோறு தேடும் பெண். ஆணுறை போடு என்று அவளால் சொல்ல முடியுமா? சில இடங்களில் பேரம்கூட இல்லை, துப்பாக்கிதான். பால்வினை நோயின் புண் ஏற்கெனவே இருந்தால் எச்.ஐ.வி. என்ற அந்தக் கிருமிக்கு வாசல் இன்னும் அகலம். விடுப்பில் அவன் ஊருக்குப் போகும்போது அது மனைவிக்கும் போய்ச் சேருகிறது.

படையில் பரவிய பால்வினை நோய்க்கு அன்றைய பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 1868-ல் இந்தியாவில் ஒரு சட்டம். பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவு செய்து, கட்டாயமாகச் சோதித்து, நோய் கண்டால் ‘லாக் ஆஸ்பத்திரி’ என்ற பால்வினை நோய் மருத்துவமனையில் அடைத்தார்கள். நம் சென்னை மாகாணத்திலும் அந்த ஆஸ்பத்திரிகள் இருந்தன. சிப்பாயை அந்தச் சட்டம் தொடவே இல்லை. 1888-ல் அது போய்விட்டது. அந்தப் புத்தி போய்விட்டதா?

உகாண்டா விஷயத்தில் சோதிக்கப்பட்டவன் சிப்பாய். முசெவெனி தொற்றை மூடி மறைக்காமல் ஊர் ஊராகப் பேசினார். மேஜர் ருபராமிரா ருரங்கா என்ற ராணுவ அதிகாரி, தனக்குத் தொற்று இருப்பதைப் பகிரங்கமாகச் சொன்னார். 1990களின் தொடக்கத்தில் அங்கே வயதுவந்தோரில் 100-க்கு 15 என்று மதிப்பிடப்பட்ட தொற்று, பத்தாண்டில் ஏறக்குறைய 6 ஆனது. இறந்துபோனவர்களின் கணக்கும் அந்த இறக்கத்தில் உண்டு. அதை மறைக்க வேண்டாம்.

2000 ஜூலையில் ஐ.நா. பாதுகாப்பு அவையே 1308-ஆம் தீர்மானத்தில் அமைதிப்படையினருக்கான எய்ட்ஸ் தடுப்பைப் பேசியது. விருப்பத்தின் பேரில், ரகசியம் காக்கும் சோதனை என்றது.

தாய்மார்களே, உங்கள் பிள்ளை படையில் இருந்தால் ஒன்று சொல்லுங்கள். பாதுகாப்பில்லாத உறவு நேர்ந்துவிட்டால், தொற்றைத் தடுக்கும் மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். வெட்கப்பட்டு நான்காம் நாள் போனால் பயனில்லை. இன்று இரவு போன் பேசும்போதே சொல்லிவிடுங்கள்.