தேவிகுளம் அனுப்பிய உறுப்பினர்

கேரள மாநிலத்தின் முதற் சட்டசபையில் முதன்முதலாக உறுதிமொழி ஏற்ற உறுப்பினர் ஒரு பெண்மணி. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் பதவி ஏற்றுத் தற்காலிக சபாநாயகராகவும் அமர்ந்த ரோசம்மா புன்னூஸ் அம்மையாரே அவர். அவருடைய தாய்மொழி மலையாளம். அவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவர்களிலோ பெருந்தொகையினர் மூணாற்றைச் சூழ்ந்த தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறித்த தமிழ் மக்கள். பிற மாநிலங்களில் வாழும் தமிழ் நேயர்களுக்கு இவ்வரலாறு அயலாரின் கதையாகத் தோன்றாது.

கங்காணிமாரின் அழைப்பை நம்பி மலையேறியவர்களின் வழித்தோன்றல்கள் அம்மக்கள். தேவிகுளமும் பீருமேடும் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமென்று திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் போராடியது. 1956 நவம்பரில் தெற்கேயுள்ள தாலுகாக்கள் சேர்ந்தன. இவை இரண்டும் கேரளத்திலேயே நின்றன. அந்த மனக்குறை ஆறுமுன்பே, நான்கு மாதங்களில் பொதுத் தேர்தல் வந்தது. அதில் தோட்டத் தொழிலாளர், மொழியைக் கேளாது, தம் கூலிக்கும் குடியிருப்புக்கும் வாதாடுவார் யாரென்று கேட்டனர் என்றே நாம் கருத வேண்டியுள்ளது.

அம்மையார் காஞ்சிரப்பள்ளியில் 1913இல் பிறந்தவர்; சட்டம் பயின்றவர்; விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்றவர். அவருடைய தமக்கை அக்கம்மா செறியான் 1938இல் திருவனந்தபுரம் அரண்மனையை நோக்கிப் பெரும் ஊர்வலத்தை நடத்திச் சென்ற வீராங்கனை. கணவர் பி. டி. புன்னூஸ் கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர்களுள் ஒருவர்.

தேவிகுளத்தில் பெற்ற வெற்றி நிலைக்கவில்லை. காங்கிரஸ் வேட்பாளர் பி. கே. நாயரின் மனு தவறாகத் தள்ளப்பட்டதென்று வழக்கு எழ, தேர்தல் செல்லாதென்று தீர்ப்பாயிற்று. குற்றம் அம்மையாருடையதன்று, இழப்பு மட்டும் அவருடையது. 1958 மே மாதம் இடைத்தேர்தல் நடந்தது. 126 இடங்களில் அறுபதை மட்டுமே வென்று, சுயேச்சைகளின் துணையால் ஆண்ட அமைச்சரவைக்கு அந்த ஓரிடம் உயிர்நிலையாய் இருந்தது. மலைச்சரிவுகளில் பிரசாரம் தமிழிலேயே முழங்கிற்று. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராஜன் தோட்டந்தோறும் சென்று பாடினார். இசைஞானி இளையராஜாவின் தமையனார் அவர். முன்னர் மனு இழந்த நாயரையே எதிர்த்து நின்று அம்மையார் மீண்டும் வென்றார்.

ஆயினும், தொழிலாளர் காப்பாற்றிய அதே ஆட்சியில், அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் மூணாற்றுத் தோட்ட வேலைநிறுத்தத்தின்போது போலீசார் சுட்டதில் இருவர் உயிரிழந்தனர். வாக்களித்த கைகளுக்கு இது எத்தகைய கைம்மாறு என்ற கேள்வி அன்றும் எழுந்தது. இன்றும் அதற்கு எளிதில் விடை கூற இயலாது. 1959 ஜூலை 31இல் மத்திய அரசு அவ்வாட்சியைக் கலைத்தது.

1987இல் ஆலப்புழைத் தொகுதியிலிருந்து மறுபடியும் சட்டசபைக்கு வந்த அம்மையார், முப்பதாண்டுகளுக்கு முன்னர் அமர்ந்த தற்காலிக சபாநாயகர் இருக்கையில் மீண்டும் அமர்ந்தார். நூறாண்டு நிறைந்த பின்னர், 2013 டிசம்பர் 28ஆம் நாள், ஓமன் நாட்டுச் சலாலா நகரில் காலமானார்.