வண்டியில் கிடைத்ததும் வாரண்டில் இருந்ததும்

வாகனச் சோதனை வாரண்டை நீதிமன்றத்தில் எதிர்ப்பது பற்றிப் பேசக் கூடியிருக்கும் இக்கருத்தரங்கை அமெரிக்க வழக்கு ஒன்றோடு தொடங்குவது பொருத்தம்.

2005, வாஷிங்டன். இரவு விடுதி நடத்திவந்த ஒருவர்மேல் போதைப்பொருள் வியாபாரச் சந்தேகம். அவர் ஓட்டிய ஜீப் மனைவி பெயரில் இருந்தது. அதில் ஜி.பி.எஸ். கருவி பொருத்தப் போலீசார் வாரண்ட் வாங்கினார்கள். பத்து நாட்களுக்குள், வாஷிங்டன் எல்லைக்குள் பொருத்தவேண்டும் என்பது நிபந்தனை. அவர்கள் பொருத்தியதோ பதினோராம் நாள், பக்கத்து மேரிலாந்தில்! வண்டி போன இடமெல்லாம் 28 நாட்கள் பதிவாகி, 2,000 பக்கங்களுக்கு மேல் தகவல் சேர்ந்தது. ஆயுள் தண்டனையும் விழுந்தது.

மேல்முறையீட்டில் அரசுத் தரப்பு அந்த வாரண்டைக் காப்பாற்ற முயலவே இல்லை; வாரண்டே தேவையில்லை என்றுதான் வாதாடியது. அது எடுபடவில்லை. கருவி பொருத்தி வண்டியைக் கண்காணித்ததே ஒரு சோதனைதான் என்று 2012 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமுகமாக முடிவு செய்தார்கள். ஜோன்ஸ் வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். ஆனாலும் அந்த மனிதர் தப்பிவிடவில்லை. 2013-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 15 ஆண்டுத் தண்டனை பெற்றார்.

இந்தத் தீர்ப்பை மட்டும் நம்பி நம்மூர் செஷன்ஸ் கோர்ட் படியேறும் வழக்கறிஞர் வெறுங்கையோடுதான் திரும்புவார். சோதனை சட்டப்படி நடக்காவிட்டாலும், கிடைத்த பொருள் வழக்கோடு தொடர்புடையதென்றால் அது சாட்சியமாகச் செல்லும் என்று பூரன்மல் வழக்கில் 1973-லேயே நம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாரண்டில் ஓட்டை இருப்பதாலேயே மூட்டை மறைந்துவிடாது.

போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் மட்டும் கதை வேறு. தண்டனை கடுமை என்பதால் நடைமுறையும் கடுமை. 42-ஆவது பிரிவின்படி, தகவல் கிடைத்தால் அதிகாரி அதை எழுதிவைக்க வேண்டும்; 72 மணி நேரத்துக்குள் மேலதிகாரிக்கு நகல் போகவேண்டும். பொழுது சாய்ந்தபின் வாரண்ட் இல்லாமல் சோதனை என்றால், வாரண்ட் வாங்க ஏன் நேரமில்லை என்பதையும் எழுதவேண்டும். பொது இடத்தில் நடக்கும் சோதனைக்கான 43-ஆவது பிரிவில் இந்தக் கட்டுப்பாடுகள் இல்லை. ஆகவே போலீசார் எப்போதும் சொல்வது: "வண்டி ரோட்டில்தானே நின்றது!"

இந்த வாதத்தை உடைத்தது ஆர்.சி. புத்தகம். ஹரியாணாவில் ஜீப்பில் கசகசாச் செடியின் காய்ந்த தட்டை பிடிபட்ட பூட்டா சிங் வழக்கில், பதிவுச் சான்றின்படி அது தனியார் வாகனம். நின்றது பொதுச் சாலை என்றாலும் வண்டி பொதுப் போக்குவரத்து வாகனம் ஆகாது, 42-ஆவது பிரிவுதான் பொருந்தும் என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவை அடியோடு மீறியிருந்ததால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். ராஜஸ்தானின் ஜக்ராஜ் சிங் வழக்கிலும் 2016-இல் இதே முடிவுதான். மகஜர் சாட்சியைக் குறுக்கு விசாரணையில் மணிக்கணக்காகக் குடையும் நம் வழக்கறிஞர்கள், ஆர்.சி. புத்தகத்தையும் அன்று பொழுது சாய்ந்த நேரத்தையும் முதலில் பார்ப்பது நல்லது.

2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆவது பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோவில் பதிவு செய்யச் சொல்கிறது. செல்போன் போதும் என்கிறது. பதிவு செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டது. விடை தேடிப் புதிதாக எங்கும் போகவேண்டியதில்லை. போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 42-ஆவது பிரிவை நிறைவேற்றத் தாமதமானால், தக்க விளக்கம் இருந்தால் ஏற்கலாம். அடியோடு மீறினால் ஏற்க முடியாது என்று கர்னைல் சிங் வழக்கில் 2009-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு சொல்லியிருக்கிறது. அதே அளவுகோலை வீடியோவுக்கும் வைக்க முடியுமா என்பதை இங்கே கட்டுரை படிக்கப்போகும் அறிஞர்கள் நீதிமன்றங்களுக்கு எடுத்துச்சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, இக்கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.